ரெண்டாவதா வந்த மீன் எங்க தூங்கும்

குமரா,

நல்ல சேதியெல்லாம் மொதல்ல சொல்லிடறேன். உன் அக்கா செல்வியோட மக நித்யா நர்சிங் முடிச்சு வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டா. வெள்ளை கோட்டு போட்டுக்கிட்டு பஸ்சுக்கு நிக்கும்போது பாக்கணும் நீ, தெருவே திரும்பிப் பாக்குது. எதிர் வீட்டுக்காரம்மா பிரஷர் பாக்கணும்னா இப்ப டாக்டருகிட்ட போறதில்ல, நித்யா எப்ப ஆயா வீட்டுக்கு வருவான்னுதான் கேக்கறாங்க. அவ தம்பி பிரகாஷ் கபடியில கப்பு வாங்கியிருக்கான். அத எங்க வீட்டு டிவி மேல கொண்டாந்து வச்சிருக்கான். அவங்க வீட்டுல எடமில்லன்னு சொல்றான். எடமெல்லாம் இருக்கு. நான்தான் வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுவேன்னு அவனுக்குத் தெரியும். உன் மக இனியா அங்க பிரான்ஸ் பள்ளிக்கூடத்துல நீச்சல்ல மெடல் வாங்கினத நான் பால்காரன்ல இருந்து கேஸ் போடறவன் வரைக்கும் சொல்லி முடிச்சாச்சு. அஞ்சாங்கிளாஸோட நின்ன என் வயித்துல பொறந்த வம்சம் இதுன்னு நெனச்சா எனக்கே நம்ப முடியல.

இதெல்லாம் உனக்குத் தெரிஞ்ச சேதிதான். ஏன் திரும்பச் சொல்றேன்னா, மனசுல பயம் வந்தா நான் பேரப்புள்ளைங்க பெருமைய எண்ண ஆரம்பிச்சுடுவேன். பயம் என்னன்னு உனக்குத் தெரியும். உன் மாமியார், அதான் சம்பந்தி அம்மா, ஆவணி பொறந்ததும் ரெட்டியார்பாளையத்துக்கு என்னோட இருக்க வராங்க. அவங்க பாத்ரூம்ல வழுக்கி விழுந்து இடுப்பு பிசகினதுல இருந்து நீயும் லதாவும் அங்க தூக்கம் இல்லாம கெடக்கறீங்க. இங்க நானும் தனி, ஊர்லயே ஒரு வாடகை வீட்டுல அவங்களும் தனி, ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருந்தா என்னன்னு நீ கேட்ட. நான் வரச் சொல்லுன்னு ஒரே வார்த்தையில சொல்லிட்டேன். போனை வச்சப்பறம் அடுப்படியில போய் ஒவ்வொரு டப்பாவா தொட்டுப் பாத்துக்கிட்டு நின்னேன். இத போன்ல சொல்லலாம்னா நீ எப்பவும் ஸ்பீக்கர்ல போட்டுத்தான் பேசற. அந்தப் பக்கம் லதா இருக்கா, அவ பெத்த தாயப் பத்தி எனக்குப் பயமா இருக்குன்னு காதுல கேட்டா அவ மனசு என்னாவும். படிக்கறது வேற. படிக்கும்போது நடுவுல நிறுத்தி யோசிக்கலாம். அதனால லதாவும் இத படிக்கட்டும். ஆடி மாசம் யாரும் வீடு மாத்த மாட்டாங்க, அதனால எனக்கு இந்த ஆடி முழுக்க கெடச்சிருக்கு. அதுக்குள்ள சொல்ல வேண்டியதைச் சொல்லிடணும்.

சொல்லணும்னா உன் மீன் தொட்டியில இருந்துதான் ஆரம்பிக்கணும். நீ பிரான்சுக்குப் போகும்போது ஹால்ல விட்டுட்டுப் போனியே, நான் படுத்தா என் நீளத்துக்கு இருக்குற தொட்டி. அதுல அந்த ஆஸ்கர் மீன், கறுப்பும் ஆரஞ்சுமா. கண்ணாடிக்கு முன்னாடி வந்து அதிகாரி மாதிரி நிக்குதுன்னு இனியா அதுக்கு முசியேன்னு, அதான் பிரெஞ்சுல ஐயான்னு, பேரு வச்சாளே. அப்ப அதோட இன்னொரு மீனும் இருந்துது. ரெண்டும் குஞ்சுல இருந்து ஒன்னா வளந்ததுங்க, அதனால சண்டை இல்ல. அந்தக் கூட்டாளி போன வருஷம் செத்துப் போச்சு. அதுக்கப்பறம் முசியே ஒரு பக்கமா சாஞ்சுக்கிட்டு அடியில படுத்துடுச்சு. தீனி போட்டா எழுந்திரிக்கல. தேங்காய்த்திட்டுல இருந்து கூடையில மீன் கொண்டாற அம்மாகிட்ட எறா வாங்கி, உரிச்சு, பொடியா நறுக்கிப் போட்டேன். அந்தம்மா சிரிச்சாங்க. திங்கற மீன் விக்க வந்தா வளக்கற மீனுக்கு எறா வாங்கறியே, உன் மருமகளுக்காவது இப்படி உரிச்சுப் போட்டியான்னு கேட்டாங்க. அந்த எறாவையும் முசியே மோந்து பாத்துட்டு விட்டுடுச்சு. ஞாயித்துக்கிழமை வீடியோவுல இனியா மொதல்ல அதத்தான் கேப்பா. ஆயா, முசியே எங்க, முசியேவ காட்டுன்னு. நான் போனை அது பக்கம் காட்டாம கபடி கப்பைக் காட்டி எத்தன வாரம்தான் சமாளிக்கறது.

அதுக்குத் துணை வாங்கலாம்னு நம்ம தெரு முனையில இருக்கற மீன் தொட்டிக் கடை பாபுகிட்ட போனேன். சாதுவான மீனா குடுப்பான்னேன். முசியே மூர்க்கன், அதுக்கு விட்டுக்குடுத்துப் போற மாதிரி ஒன்னு வேணும்னு. நம்ம வீடுகள்ல பொண்ணு பாக்கும்போது இப்படித்தான பாக்கறோம், பையன் கோவக்காரன், அதனால பொண்ணு அமைதியா இருக்கணும்னு. அவன் ஆஸ்கருக்கான்னு கேட்டான். நான் மொகத்த சுளிச்சுக்கிட்டு, அது வயசாயிடுச்சுப்பா, இப்பல்லாம் எதுவும் பண்ணாதுன்னு சொன்னேன். தங்க மீன் ஒன்னு வாங்கினேன், பட்டுப் பாவாடை கட்டின குழந்த மாதிரி வாலு. தொட்டியில விட்டுட்டு அடுப்புல இருந்த பாலை எறக்கப் போனேன். திரும்பி வந்தா முசியே எழுந்து நடுவுல நிக்குது, ஒடம்பெல்லாம் பளபளன்னு. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், துணை வந்ததும் எழுந்துடுச்சு பாருன்னு. அப்பறம்தான் அதோட வாய் ஓரத்துல அந்தப் பட்டு வாலு நுனி தெரிஞ்சுது. ரெண்டு நாளு என்னால சோறு திங்க முடியல. பாபு சொன்னான், ஆயா, வாய்க்குள்ள போற அளவுல எதையும் விடக் கூடாது, அதுக்கு அது துணை இல்ல, பலகாரம்னு. கோவம் வந்துது எனக்கு, ஆனா சிரிப்பும் வந்துடுச்சு.

அடுத்த தடவ நானே முடிவு பண்ணேன். சாது வேணாம், சமமா ஒன்னு வேணும். இன்னொரு ஆஸ்கர், அதே பருமன், அதே கறுப்பு, அதே ஆரஞ்சு. ஒரே சாதி, ஒரே நெறம், பேசிக்கிட்டு இருக்குங்கன்னு நெனச்சேன். இங்கதான் நான் பண்ண கூத்த கேளு. வெள்ளிக்கிழமை நல்ல நேரம் பாத்தேன். தொட்டிக்கு மேல இருக்குற லைட்டப் போட்டேன், வீட்டுக்கு வர்றவங்களுக்கு வெளிச்சமா இருக்கணும்ல. கவர்ல இருந்த மீனுக்கு முன்னாடி ஆலத்தி சுத்தினேன், சிரிக்காத. தண்ணியில விட்டதும், வந்தவங்களுக்கு மொதல்ல சாப்பாடு போடறதுதான மரியாதைன்னு எறாவ எடுத்து புது மீன் பக்கமாப் போட்டேன். அவ்ளோதான். இத்தன நாளா எறாவ மோந்து பாத்துட்டு விட்ட முசியே, அம்பு மாதிரி பாஞ்சு வந்துது. ரெண்டும் வாயோட வாய் கவ்விக்கிட்டு உருளுதுங்க. கல்லு சாயுது, அடி மண்ணு கெளம்பி தண்ணி கலங்கிப் போச்சு. புதுசு ஓடி மூலைக்குப் போனா அங்க வந்து இடிக்குது, மேல வந்தா அங்கயும். நான் கைவலையும் பக்கெட்டுமா நின்னு, சாமியெல்லாம் கூப்பிட்டு, எப்படியோ புதுச வெளிய எடுத்தேன். துடுப்பு கிழிஞ்சு தொங்குது. செதில் போன எடமெல்லாம் வெள்ளையா இருக்கு. அந்தப் பக்கெட்டைத் தூக்கிக்கிட்டு பாபு கடைக்குப் போகும்போது எனக்கு அழுகையே வந்துடுச்சு. குளத்துல மீனுங்க ஒன்னா இல்லையா, கோயில் குளத்துல எத்தன இருக்குது, இதுங்களுக்கு மட்டும் என்ன வந்துதுன்னு அவன்கிட்ட சண்டைக்குப் போனேன்.

அவன் அந்த மீன வாங்கி தனித் தொட்டியில விட்டுட்டு நிதானமாச் சொன்னான். “ஆயா, கொளத்துல அடி வாங்கினா அந்தப் பக்கம் ஓடிப் போயிடும். இதுல எங்க போவும்? நாலு பக்கமும் கண்ணாடி.”

அந்த வார்த்த என்னோடவே வீட்டுக்கு வந்துது. இன்னும் போகல.

அப்பறம்தான் அவன் சொல்றத வாய மூடிக்கிட்டுக் கேட்டேன். ஒரே மாதிரி உருவமும் நெறமும் இருந்தா எடத்துக்குப் போட்டி அதிகமா வருமாம். அளவு ஒத்து இருக்கணும், உருவம் வேற மாதிரி இருக்கணும். தானாச் சண்டைக்குப் போகக் கூடாது, வந்தா ஓடி ஒளியவும் கூடாது. அப்படி ஒரு மீன் காட்டினான், செவரம்னு பேரு, மஞ்சளா தட்டு மாதிரி உயரமா இருந்துது. ஆனா உடனே குடுக்க மாட்டேன்னுட்டான். மொதல்ல வீட்டுக்குப் போய் கல்லையெல்லாம் இடம் மாத்து ஆயான்னான். எதுக்குப்பான்னேன். இப்ப அந்தத் தொட்டியில ஒவ்வொரு கல்லும் முசியேவோடது, புதுசா வர்றது எங்க நின்னாலும் அது அவன் எடத்துலதான் நிக்கும். எல்லாத்தையும் கலைச்சுப் போட்டுட்டா பழசுக்கும் அது புது வீடா ஆயிடும், ரெண்டும் ஒன்னா குடி வந்த மாதிரி எடம் தேடும்னான். அவனே வந்து பழைய கல்லை இடம் மாத்தினான், ரெண்டு மூலைக்கும் ஒவ்வொரு மண்சட்டிய கவுத்தான், நடுவுல முசியே இதுவரைக்கும் பாத்தே இல்லாத ஒரு மரக்கட்டைய வச்சான். நடுவுல ஓட்டை ஓட்டையா இருக்குற தடுப்பு ஒன்னு போட்டு, கொஞ்ச நாள் ஒன்ன ஒன்னு பாத்துக்கட்டும்னான். லைட்ட அணைச்சுட்டுத்தான் விடணும்னான். தீனியும் ரெண்டு கோடியிலயும் ஒரே நேரத்துல விழணும், ஒன்னு திங்கறத இன்னொன்னு பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னான். தடுப்ப எடுத்தன்னைக்கு நான் நாற்காலியப் போட்டுக்கிட்டு கைவலையோட உக்காந்திருந்தேன். முசியே செவுள விரிச்சுக்கிட்டு வந்துது. செவரம் நகரல, எதுத்தும் வரல, அப்படியே பக்கவாட்டுல நின்னு தன் அகலத்தக் காட்டுச்சு. ரெண்டு சுத்து சுத்திட்டு முசியே போயிடுச்சு. இனியா அதுக்கு மதாம்னு பேரு வச்சிருக்கா, முசியேவுக்கு ஏத்த அம்மணியாம். சிநேகம்னு சொல்ல மாட்டேன், குமரா. அது அதோட சட்டிக்குப் போவுது, இது இதோட சட்டிக்குப் போவுது. ஆனா முசியே இப்பல்லாம் சாஞ்சு படுக்கறதில்ல. எறாவ கையில இருந்து வாங்கித் திங்குது.

இப்ப என் பயத்தச் சொல்றேன். இந்த வீட்டுல முசியே நான்தான். ஒவ்வொரு டப்பாவும் என்னோடது. அவங்களும் சாது கெடையாது, உனக்கே தெரியும். அவங்க வீட்டுக்காரர் பிரான்ஸ் பட்டாளத்துல சொல்தாவா இருந்தவர், ஊர் ஊரா அவரோட போய் குடித்தனம் பண்ணவங்க. பென்ஷன் அவங்க பேர்ல வருது, யாரையும் அண்ணாந்து பாத்ததில்ல. நான் மில்லுல ஷிப்டு பாத்தவர் பொண்டாட்டி, மில்லு மூடினப்பறம் நாலு வீட்டுக்கு இட்லி வித்து உங்கள வளத்தவ. நானும் யாரையும் அண்ணாந்து பாத்ததில்ல. உன் கல்யாணத்துக்கு மறுநாள் விருந்துல அவங்க என் மீன் கொழம்ப தொட்டு நாக்குல வச்சுட்டு, புளி கொஞ்சம் தூக்கலோன்னு கேட்டாங்களே, அத நீங்கல்லாம் மறந்திருப்பீங்க. நான் இன்னைக்கும் புளி கரைக்கும்போது அந்தக் குரல் கேக்குது. இது எப்படி ஒரே அடுப்புல முடியும். அதுக்கு மேல ஒன்னு இருக்கு. மீன் ஒத்துக்கலன்னா பாபு திருப்பி எடுத்துக்கிட்டான், தனித் தொட்டி வச்சிருந்தான். சம்பந்தி அம்மா அந்த வாடகை வீட்டக் காலி பண்ணிட்டு வராங்க. ஒத்துக்கலன்னா அவங்க எங்க போவாங்க?

நானும் ஒரு காலத்துல ரெண்டாவதா வந்தவதான். உங்கப்பாவக் கட்டிக்கிட்டு மில்லு குடியிருப்புக்கு வந்தப்ப அங்க மூத்த மருமகளா உன் பெரியம்மா இருந்தாங்க. ஒரு வார்த்த கடிஞ்சு பேசினதில்ல, தங்கமானவங்க. ஆனா வீட்டுல எல்லாத்துக்கும் ஒரு எடம் இருந்துது, என் சாமானுக்கு மட்டும் இல்ல. எங்கம்மா குடுத்த சொம்ப எங்க வைக்கறதுன்னு கேக்கக் கூச்சமா இருந்துது. இங்க வைக்காத, அங்க வைக்காதன்னு யாரும் சொல்லல, இங்க வைன்னும் யாரும் சொல்லல. அந்தச் சொம்பு செல்வி பொறக்கற வரைக்கும் கட்டிலுக்கு அடியிலதான் இருந்துது.

போன வாரம் சம்பந்தி அம்மா வீட்டப் பாக்க வந்தாங்க. வீராம்பட்டினம் கோயிலுக்குப் போயிட்டு திரும்பற வழியில நித்யா கூட்டிக்கிட்டு வந்தா. கைத்தடி ஊனிக்கிட்டு நெத்தி நெறைய அம்மன் குங்குமத்தோட நொழைஞ்சாங்க, நொழைஞ்சதும் என் நாற்காலியில உக்காந்துட்டாங்க. தொட்டிக்கு எதுர இருக்குமே, அதுல. வேற எதுல உக்காருவாங்க, இடுப்பு நோவுக்கு அதுதான கைப்பிடி உள்ள நாற்காலி. ஆனா எனக்குச் செவுள் விரிஞ்சுது, குமரா. பொய் சொல்லுவானேன். காபி போடற சாக்குல உள்ள போய் நின்னேன். அவங்களும் அடுப்படி பக்கம் எட்டி எட்டிப் பாத்தாங்க. அந்தப் பார்வைதான் எனக்கு இன்னும் பயமா இருந்துது. காபிய குடுத்தேன். குடிச்சுக்கிட்டே தொட்டியப் பாத்துக்கிட்டு இருந்தவங்க, எது மொதல்ல வந்ததுன்னு கேட்டாங்க. அதோ, அந்தக் கறுப்புதான்னேன். அப்பறம் மதாமக் கைத்தடியால காட்டி, கொரல தாழ்த்திக் கேட்டாங்க.

“ரெண்டாவதா வந்தது எங்க தூங்கும், சம்பந்தி?”

சட்டிக்குள்ள தூங்கும், அதுக்குன்னு தனிச் சட்டி வச்சிருக்குன்னு சொன்னேன். நல்லதுன்னாங்க. நாற்காலி நுனிக்கு நகந்து வந்து அந்தச் சட்டி வாயையே உத்துப் பாத்தாங்க. இடுப்பு நோவோட யாரும் மீனுக்காக அப்படி நகர மாட்டாங்க, எனக்குத் தெரியாதா. போகும்போது வாசல்ல நித்யாவோட தோளப் புடிச்சுக்கிட்டு, புளி நான் தனியா கரைச்சுக்கறேன், உங்களுக்குத் தொந்தரவு இருக்காதுன்னாங்க. கிண்டலா, பயமான்னு அப்ப எனக்குப் பிடிபடல. ரெண்டும் இருந்திருக்கும். நானும் அப்படித்தான் பேசுவேன்.

மறுநாள் பிரகாஷையும் அவன் கூட்டாளியையும் வரவழைச்சேன். அவங்க வந்து பாக்கறதுக்கு முன்னாடியே இத பண்ணியிருக்கணும். கட்டில, பீரோவ, சாமி படத்த, அடுப்படி அலமாரிய எல்லாத்தையும் இடம் மாத்தச் சொன்னேன். ஆயாவுக்கு என்ன ஆச்சுன்னு அவனுங்க சிரிச்சானுங்க. முன் ரூம அவங்களுக்கு விட்டுட்டேன், பாத்ரூம் பக்கத்துலயே இருக்கு, செவுத்துல கைப்பிடி அடிக்க ஆள் சொல்லியிருக்கு. நான் பின் ரூமுக்குப் போயிட்டேன். அடுப்பு ரெண்டா வச்சாச்சு. கைப்பிடி நாற்காலி இன்னொன்னு வரப் போவுது. எல்லாம் கலைஞ்சதுல எனக்கே இப்ப கரண்டி எங்க இருக்குன்னு தெரியல. அலமாரியில நடுத் தட்ட காலியா விட்டிருக்கேன். அவங்க வந்ததும், உங்க சொம்ப இங்க வைங்கன்னு நானே வாயத் தொறந்து சொல்லணும், அது மறக்கக் கூடாது. ஒத்துக்கலன்னா என்ன பண்றதுங்கறதுக்கும் ஒன்னு வச்சிருக்கேன். கிளம்பிப் போறது அவங்களா இருக்கக் கூடாது. செல்வி வீட்டுல எனக்கு ஒரு பாய் எப்பவும் இருக்கு. பத்து நாளு பேத்தியப் பாத்துட்டு வரேன்னு நான் போயிட்டு வருவேன், யாரும் கேக்க மாட்டாங்க.

நீங்க அங்க இருந்து செய்ய வேண்டியது இதுதான். லதா அவங்கம்மாவுக்கு போன் போட்டுப் பேசும்போது நீ எனக்கும் போடு, ரெண்டும் ஒரே நாள்ல இருக்கணும். ஒருத்தரோட பேசறத இன்னொருத்தர் ஹால்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருக்க வைக்காதீங்க. என்கிட்ட அவங்க எப்படி இருக்காங்கன்னு கேக்காத, அவங்ககிட்ட என்னப் பத்திக் கேக்காத. ரெண்டு பேரும் ஒத்துமையா இருக்கீங்களான்னு மட்டும் ரெண்டு பேர்கிட்டயும் எப்பவுமே கேட்டுடாத. இனியாவ மட்டும் ரெண்டு பேரும் சேந்து பாக்கற மாதிரி ஞாயித்துக்கிழமை வரச் சொல்லு. அவ முசியேவையும் மதாமையும் கேக்கட்டும், நாங்க ஆளுக்கொன்னா காட்டறோம்.

கடைசியா ஒன்னு. ஹால் செவுத்துல உன் கல்யாண போட்டோ இருந்துதே, நான் உன் பக்கத்துல நின்னு சிரிக்கறது. சம்பந்தி அம்மா வீட்டுலயும் ஒன்னு மாட்டியிருக்காங்க, அதுல லதா பக்கத்துல அவங்க நிக்கறாங்க. அத எடுத்துக்கிட்டுத்தான் வருவாங்க, பின்ன விட்டுட்டா வருவாங்க. எது மேல, எது கீழன்னு வரும். நான் என்னோடதக் கழட்டி என் ரூம்ல மாட்டிக்கிட்டேன். அவங்களோடத அவங்க ரூம்ல மாட்டிக்கட்டும். ஹால்ல இப்ப ஆணி மட்டும்தான் இருக்கு. நீங்க மூணு பேரும் புதுசா ஒரு போட்டோ எடுங்க, இனியா கழுத்துல அந்த மெடல் இருக்கட்டும். போன்ல அனுப்பாத, அனுப்பினா யார் போனுக்கு மொதல்ல வந்துதுன்னு ஆயிடும். நாங்க ரெண்டு பேருமே இதுவரைக்கும் பாக்காததா இருக்கணும். பெருசாக் கழுவி, தபால்ல, ஆவணி பொறந்து அவங்க இங்க வந்தப்பறம் கெடைக்கற மாதிரி அனுப்பு. கவர் மேல ரெண்டு பேர் பேரையும் எழுது, அவங்க பேர மொதல்ல எழுது. எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னுதான் இருக்கும், இருந்துட்டுப் போவுது. கவர அவங்க பிரிக்கட்டும், நான் ஆணியில மாட்டறேன்.

அம்மா